மடியில் கட்டும் விதையில் என்ன இருக்கிறது?

போன ஆடிப்பட்டத்தில், போளூர்ப் பக்கம் ஒரு மானாவாரிக் கொல்லை. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை விதைப்பு. முன்னால் ஏர் சால் ஓட்டிக்கொண்டு போக, பின்னால் நான்கு பெண்கள் சாலில் பருப்புப் போட்டபடி வந்தார்கள். முந்தானையை இடுப்பில் செருகி மடி கட்டியிருந்தார்கள். மடியில் ஆளுக்கு இரண்டு மூன்று கிலோ பருப்பு. வியர்வையில் மடித்துணி வயிற்றோடு ஒட்டிக் கிடந்தது. சால் திரும்புகிற இடத்தில் ஒரு அம்மா இரண்டு பருப்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். மல்லாட்டை போடுகிறவர்கள் எப்போதும் செய்வதுதான். கொல்லைக்காரர் பார்த்துவிட்டுப் பதறிப்போனார்.

"யக்கா, துப்பு, துப்பு! மருந்து பொரட்டின வெதைக்கா அது."

அவர் துப்பினார். தண்ணீர் வாங்கி நாலு முறை வாய் கொப்பளித்தார். பிறகு கேட்டார்: "இத காலையிலயே சொல்லக் கூடாதா தம்பி?"

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பூச்சிமருந்து தெளிக்கிறவருக்குத் தான் விஷத்தோடு நிற்கிறோம் என்பது தெரியும். நெடி மூக்கில் ஏறும், முதுகில் டேங்க் கனக்கும். விதை அப்படி எதையும் சொல்லாது. நாம் தின்கிற பொருளின் உருவத்திலேயே அது இருக்கிறது. அதோடு, மருந்து கலப்பவர் ஒருவர், நாளெல்லாம் அதைத் தொடுகிறவர் வேறொருவர். எச்சரிக்கை அச்சிட்ட பாக்கெட் வீட்டுத் திண்ணையில் நின்றுவிடுகிறது, விதை மட்டும் கொல்லைக்கு வருகிறது. மருந்து கலந்த விதையால் வேலையாட்களுக்கு வரும் ஆபத்தில் பெரும்பகுதி இந்த இடைவெளியில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

விதை நேர்த்தி என்பது என்ன?

மண்ணுக்குள் போன விதைக்கு எதிரிகள் அதிகம். வேரழுகல், கழுத்தழுகல் போன்ற பூஞ்சாண நோய்கள், வேரைக் கடிக்கும் வெள்ளைப்புழு, முளைத்த இரண்டாவது வாரமே இலையில் சாறு உறிஞ்ச வரும் பூச்சிகள். இவற்றுக்காக நிலம் முழுக்க மருந்து தெளிப்பதைவிட, விதையின் மேலேயே கொஞ்சம் பூசி விதைத்துவிட்டால் செலவும் குறைவு, மருந்தும் குறைவு. இதைத்தான் விதை நேர்த்தி என்கிறோம். நல்ல முறைதான். அதை வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை.

இது இரண்டு வழிகளில் நடக்கிறது. பருத்தி, மக்காச்சோளம், காய்கறி விதைகளைக் கம்பெனியே மருந்து பூசி பாக்கெட் போட்டு விற்கிறது. பெரும்பாலும் இமிடாகுளோப்ரிட், தயாமீத்தாக்ஸாம் போன்ற பூச்சிக்கொல்லிகளும், திராம் போன்ற பூஞ்சாணக் கொல்லிகளும். அந்த விதைகள் ரோஸ், நீலம், பச்சை என்று ஏதாவது ஒரு நிறத்தில் இருக்கும். அது அழகுக்குப் பூசியதில்லை. 'இது தின்னும் தானியம் இல்லை' என்று கண்ணுக்குச் சொல்வதற்காகச் சேர்க்கிற சாயம்.

இன்னொன்று, நாமே வீட்டில் செய்வது. மல்லாட்டைக்கு ஒரு கிலோ பருப்புக்குக் கார்பென்டாசிம் என்ற பூஞ்சாணக் கொல்லி 2 கிராம், அல்லது திராமோ மேன்கோசெப்போ 4 கிராம் என்பது வேளாண் துறை சொல்லும் அளவு. வெள்ளைப்புழுத் தொல்லை உள்ள நிலத்தில் குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிக்கொல்லியும் சேர்ப்பவர்கள் உண்டு. இதில் சாயம் கிடையாது. மல்லாட்டைப் பருப்பின் தோலே சிவப்பு. மேலே ஒட்டிய தூள் கொஞ்ச நேரத்தில் லேசான புழுதி மாதிரி ஆகிவிடும். பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. ஆகவே 'கலர் இருந்தால் மருந்து, இல்லாவிட்டால் நல்ல விதை' என்ற கணக்கு இங்கே செல்லாது. நாம் வீட்டில் கலக்கிற விதைதான், பார்வைக்கு மிகவும் நல்லபிள்ளையாகத் தெரிகிற விதை.

எவ்வளவு மருந்து, எந்த வழியில்?

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஏக்கருக்குச் சுமார் 50 கிலோ பருப்பு என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 4 கிராம் என்றால் 200 கிராம் தூள். நான்கு பேர் விதை போட்டால் ஒவ்வொருவர் கையிலும் மடியிலும் 50 கிராம் தூள் கடந்து போகிறது. அத்தனையும் உடம்புக்குள் போவதில்லை. பெரும்பகுதி மண்ணுக்குத்தான் போகும். ஆனால் வாரத்தில் ஆறு நாள், ஆறு கொல்லை என்று போகிறவருக்கு இது ஒரு நாள் கணக்கு இல்லை.

உள்ளே போகிற வழிகள் மூன்று. வாய், மூச்சு, தோல். வாய்வழி எல்லோருக்கும் தெரியும். நேராகத் தின்பது மட்டும் வாய்வழி இல்லை. வெற்றிலையில் சுண்ணாம்பு தடவுகிற விரல், பீடியைப் பிடிக்கிற விரல், கூழில் ஊறுகாயைக் கரைக்கிற கை எல்லாம் வாய்வழிதான். மூச்சுவழி அதிகம் நடப்பது கலக்கும்போதும், சாக்கின் அடியில் மிஞ்சியதை உதறிக் கொட்டும்போதும்.

தோல்வழியைத்தான் நாம் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எல்லா இடத்துத் தோலும் ஒரே மாதிரி இல்லை. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லியை வைத்துச் செய்த சோதனையில், முன்கையில் வைத்த மருந்தில் சுமார் 9 சதவீதமும், உள்ளங்கையில் 12 சதவீதமும், நெற்றியில் 36 சதவீதமும் உடம்புக்குள் போயின. தொடை இடுக்குப் பகுதியில் அது முன்கையைவிடப் பல மடங்கு. மருந்துக்கு மருந்து இந்த அளவு மாறும். ஆனாலும் விஷயம் தெளிவு: காய்த்துப்போன உள்ளங்கையை மட்டும் பார்த்து 'எனக்கு ஒன்றும் ஆகாது' என்று சொல்ல முடியாது. அதே கையால் நெற்றி வியர்வையைத் துடைக்கிறோம். மடியிலிருந்து தூள் வியர்வையோடு கீழே இறங்குகிறது. ஈரமான, சூடான தோல் இன்னும் வேகமாக உறிஞ்சும்.

முக்கோணத்தைப் படிப்பது

மருந்துப் பாக்கெட்டில் சாய்சதுரமாக ஒரு கட்டமும், அதற்குள் இரண்டு முக்கோணமும் இருக்கும். கீழ் முக்கோணத்தின் நிறம்தான் நச்சுத்தன்மையின் அளவு. சிவப்பு மிகக் கொடியது. அதற்கடுத்து மஞ்சள், நீலம், பச்சை. 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டமும், 1971ஆம் ஆண்டு விதிகளும் இதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன.

இதில் பலரும் ஏமாறுகிற ஓர் இடம் இருக்கிறது. அந்த நிறம் சொல்வது, ஒரே தடவையில் எவ்வளவு உள்ளே போனால் உயிர் போகும் என்பதை மட்டும்தான். தினம் கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் என்ன ஆகும் என்பதை அது சொல்லாது. கார்பென்டாசிம் பச்சை முக்கோணம். அதே கார்பென்டாசிமை, வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் கருவுறும் திறனுக்கும் கேடு செய்யக்கூடியது என்று ஐரோப்பிய ஒன்றியம் வகைப்படுத்தியிருக்கிறது. அங்கே வயலில் அதற்கு அனுமதி இல்லை. பச்சையைப் பார்த்துவிட்டு 'பயமில்லை, பச்சைதான்' என்று கர்ப்பிணிப் பெண்ணை விதை போடக் கூப்பிடக் கூடாது.

விதைப் பாக்கெட்டுக்கும் விதி இருக்கிறது. மருந்து பூசிய விதை என்றால் அந்தச் செய்தியும், மருந்தின் பெயரும், உணவுக்கோ தீவனத்துக்கோ எண்ணெய்க்கோ பயன்படுத்தக் கூடாது என்ற எச்சரிக்கையும் இருக்க வேண்டும். ஆனால் பாக்கெட்டைப் பிரித்து விதையைக் கூடையில் கொட்டிய மறுநிமிஷம் இந்த எழுத்தெல்லாம் விதையை விட்டுப் பிரிந்துவிடுகிறது.

அப்படிப் பிரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் மறக்கக் கூடாத உதாரணம் ஈராக். 1971இல், வறட்சிக்குப் பிறகு, அந்த நாட்டு அரசு வெளிநாட்டிலிருந்து கோதுமையும் பார்லியுமாக 90,000 டன்னுக்கு மேல் விதை தருவித்தது. பெரும்பகுதி மெக்சிகோவிலிருந்து வந்தது. பூஞ்சாணம் பிடிக்காமலிருக்க மெத்தில் பாதரசம் பூசி, சிவப்புச் சாயமும் கலந்திருந்தார்கள். மூட்டையில் எச்சரிக்கையும் இருந்தது, ஸ்பானிஷ் மொழியிலும் ஆங்கிலத்திலும். மூட்டைகள் கிராமத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் பல இடங்களில் விதைப்பே முடிந்துவிட்டது. வீட்டில் பசி. சிலர் கோழிக்குப் போட்டுப் பார்த்தார்கள், சில நாளாகியும் கோழி சாகவில்லை. கழுவிப் பார்த்தார்கள், சாயம் போய்விட்டது. சாயத்தோடு விஷமும் போய்விட்டது என்று நம்பி மாவாக்கி ரொட்டி சுட்டார்கள். பாதரசத்தின் வேலை தெரிய வாரக்கணக்கில் ஆகும். கை கால் மரத்து, நடை தள்ளாடி, கண் இருண்டு வந்தவர்களில் 6,530 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். 459 பேர் மருத்துவமனையிலேயே இறந்தார்கள். வீட்டிலேயே இறந்தவர்கள் அந்தக் கணக்கில் இல்லை.

அந்தப் பாதரச மருந்துக் குடும்பம் நமக்கும் அந்நியமில்லை. கரும்புக் கரணையை முக்கி நட்ட பழைய ஆட்களைக் கேளுங்கள், கை நனைய நனைய முக்கிய கதையைச் சொல்வார்கள். நம் நாட்டில் கடைசியாக மிஞ்சியிருந்த பாதரசப் பூஞ்சாணக் கொல்லிக்கு 2018இல்தான் தடை வந்தது. இன்றைய மருந்துகள் மெத்தில் பாதரசம் அளவுக்குக் கொடியவை இல்லை. ஆனால் ஈராக் சொல்லும் இரண்டு விஷயங்கள் இன்றைக்கும் அப்படியே பொருந்தும். கழுவினால் சாயம்தான் போகும், மருந்து போய்விட்டதாக எடுத்துக்கொள்ள முடியாது. படிக்கத் தெரியாத மொழியில் எழுதிய எச்சரிக்கை இருந்தும் இல்லாததுதான்.

கலக்கும் நாள்

ஆபத்து மிகவும் கெட்டியாக இருக்கிற நேரம் இது. முறத்தில் பருப்பைப் பரப்பி, மருந்தைத் தூவி, வெறுங்கையால் பிசைவதுதான் இன்றும் பல வீடுகளில் வழக்கம். அதை விட்டுவிடுங்கள். மூடி போட்ட ஒரு பழைய பிளாஸ்டிக் டிரம், அல்லது கெட்டியான பாலித்தீன் பை போதும். விதையையும் மருந்தையும் உள்ளே போட்டு, வாயை இறுக்கிக் கட்டி, இருவர் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக் குலுக்கினால் முறத்தைவிட ஒரே சீராகப் பூசும். தூளும் பறக்காது. திறப்பதற்கு முன் ஐந்து நிமிஷம் அப்படியே விட்டால் தூள் அடங்கிவிடும். இடம் திறந்தவெளியாக இருக்கட்டும், காற்று முதுகுப் பக்கமிருந்து வரட்டும், குழந்தைகளும் கோழிகளும் தள்ளியிருக்கட்டும். அந்த டிரம்மும் அளக்கிற கரண்டியும் சமையல்கட்டுப் பக்கம் இனி திரும்பவே கூடாது.

கையுறை என்றால் நைட்ரைல் அல்லது கெட்டி ரப்பர். துணிக் கையுறை மருந்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு தோலோடு அழுத்திப் பிடிக்கும், வெறுங்கையைவிட மோசம். கழற்றுவதற்கு முன் கையுறையோடு சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் கழற்ற வேண்டும். கொரோனா காலத்தில் பழகிய என்-95 மாஸ்க் தூளுக்கு நல்ல தடுப்பு. துண்டைக் கட்டிக்கொள்வது பெரிய தூளை மட்டும் நிறுத்தும்.

நெல்லுக்குக் கார்பென்டாசிம் கரைசலில் 10 மணி நேரம் ஊறவைத்து வடிக்கிறவர்கள் அந்த வடிநீரை மறந்துவிடுகிறார்கள். மாடு குடிக்கும் தொட்டிப் பக்கமோ, வாத்து மேயும் வாய்க்காலிலோ அதைக் கொட்டாதீர்கள்.

விதைக்கும் நாள்

முதல் வேலை, சொல்வது. ஆள் வந்து மடி கட்டுவதற்கு முன் கொல்லைக்காரர் வாய்திறந்து சொல்ல வேண்டும்: என்ன மருந்து, எப்போது கலந்தது, வாயில் போடக் கூடாது. காலிப் பாக்கெட்டையும் கையோடு கொண்டுவந்து, ஒரு கவரில் போட்டு மரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். யாருக்காவது மயக்கம் வந்தால் டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

அடுத்தது மடி. மடிக்குப் பதில் கைப்பிடியுள்ள சின்ன பக்கெட்டோ கூடையோ கொடுங்கள். இடது கையில் பக்கெட், வலது கையில் கையுறை. 'கையுறை போட்டால் ஒவ்வொரு பருப்பாக விடவரவில்லை' என்று பெண்கள் சொல்வது உண்மை. கடையில் கிடைக்கும் பெரிய ஆண்கள் அளவை வாங்கி எல்லோருக்கும் கொடுத்தால் அப்படித்தான் ஆகும். சின்ன அளவில், விரலோடு ஒட்டுகிற கையுறையாகப் பார்த்து வாங்க வேண்டும். மருந்தைக் கையாளுகிறவர்களுக்குத் தகுந்த பாதுகாப்பு உடை இருக்க வேண்டும் என்பது 1971ஆம் ஆண்டு விதிகளிலேயே உள்ளது. அதை ஆளே வாங்கிக்கொண்டு வரட்டும் என்று விடுவது நியாயமில்லை. கூலியோடு சேர்ந்த செலவு அது. கையுறை இல்லையென்றால் விதைக்கும் கருவியைத் தேடுங்கள். கையால் தள்ளும் விதைப்பான் வந்த இடங்களில் கை விதையைத் தொடும் நேரமே வெகுவாகக் குறைந்துவிட்டது. டிராக்டர் விதைப்பான் என்றால் பெட்டியில் கொட்டும்போது எழும் தூளுக்கு விலகி நில்லுங்கள். 2008இல் ஜெர்மனியின் மேல் ரைன் பகுதியில், மக்காச்சோள விதையிலிருந்து உதிர்ந்த குளோதியானிடின் என்ற பூச்சிக்கொல்லித் தூளை விதைப்பு இயந்திரங்கள் காற்றில் ஊதி விட்டதில் 11,000க்கும் மேற்பட்ட தேனீக் கூடுகள் பாதிக்கப்பட்டன. விதையில் பூசியது விதையிலேயே நிற்பதில்லை.

சோப்பும் ஒரு குடம் தண்ணீரும் வரப்பில் இருக்க வேண்டும். இதற்கு இருபது ரூபாய் ஆகுமா? தூக்குச்சட்டியைத் திறப்பதற்கு முன், வெற்றிலை போடுவதற்கு முன், ஒதுங்கப் போவதற்கு முன் கை கழுவ வேண்டும். ஒதுங்கிவிட்டு வந்து கழுவுவதுதான் நம் பழக்கம். இந்த வேலையில் அதற்கு முன்பும் கழுவ வேண்டும், அந்த இடத்துத் தோல்தான் மருந்தை அதிகம் இழுக்கும்.

வேப்பமரத்தில் தூளி கட்டிக் குழந்தையைப் போட்டுவிட்டு வருகிற தாய்மார் இன்றும் இருக்கிறார்கள். பால் கொடுக்கப் போகும்போது கையையும் மார்பையும் கழுவி, மேலே போர்த்திக்கொள்ள வீட்டிலிருந்து கொண்டுவந்த சுத்தமான துணி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் போனதும் முதலில் குளியல், பிறகு அடுப்படி. அன்றைய புடவையைக் குழந்தைத் துணியோடு ஊறவைக்க வேண்டாம்.

ஆண்களுக்கு ஒரு தனிச் செய்தி. திராம் கலந்த அன்றும் அடுத்த ஒன்றிரண்டு நாளும் குடிக்காதீர்கள். குடியை நிறுத்த டாக்டர்கள் கொடுக்கும் டைசல்ஃபிராம் மாத்திரைக்கு திராம் நெருங்கிய உறவு. உடம்பில் திராம் இருக்கும்போது சாராயம் போனால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, தலை வெடிக்கிற மாதிரி வலித்து வாந்தி வரும். இந்தக் குடும்பத்து ரசாயனத்தைக் கையாண்ட அமெரிக்க ரப்பர் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் குடிக்க முடியாமல் தவித்ததை அங்கிருந்த மருத்துவர் 1937லேயே எழுதி வைத்தார். 'சரக்கு சரியில்லை' என்று நினைத்துப் படுத்துவிடுகிறவர், அது விதையின் வேலை என்று சந்தேகிக்கவே மாட்டார்.

உடம்புக்கு முடியாமல் போனால்

தோல் அரிப்பு, கண் எரிச்சல், தலைவலி, குமட்டல், தலைசுற்றல் எல்லாம் வெயிலாலும் வரும். அதனால்தான் தப்பிவிடுகிறது. மருந்து கலந்த விதையோடு வேலை செய்த நாளில் வந்தால், வெயில் என்று முடிவுகட்டாமல் மருந்து என்றே முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். குளோர்பைரிபாஸ் போன்றவற்றால் என்றால் எச்சில் ஒழுகும், வியர்த்துக் கொட்டும், கண்ணின் பாப்பா குண்டூசி முனை மாதிரி சுருங்கும், மூச்சு இறுகும். அது உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நிலை.

நிழலுக்குக் கொண்டுவந்து, மருந்து பட்ட துணியைக் களைந்து, சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். கண்ணில் பட்டால் பதினைந்து நிமிஷம் விடாமல் சுத்தத் தண்ணீர் விடுங்கள். உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அது மூச்சுக்குழாயில் இறங்கினால் வேறு ஆபத்து. மயங்கியிருப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். 108க்குச் சொல்லிவிட்டு, மரத்தில் கட்டிய அந்தப் பாக்கெட்டை அவிழ்த்துக் கூடவே அனுப்புங்கள்.

மிஞ்சிய விதை

தேவைக்கு மட்டும் கலந்தால் இந்தத் தலைவலியே இல்லை. மிஞ்சினால் அதைச் செக்குக்குக் கொடுக்கக் கூடாது, வறுத்துத் தின்னக் கூடாது, கோழிக்கும் மாட்டுக்கும் போடக் கூடாது. வரப்போரத்தில் ஒரு துண்டு நிலத்தில் நெருக்கமாக விதைத்து மூடிவிடுவது நல்லது. சால் முனையில் சிந்திக்கிடப்பதையும் காலால் மண் தள்ளி மூடுங்கள், மயிலும் புறாவும் முதலில் இறங்குவது அங்கேதான். மருந்து விதை வந்த சாக்கில் அரிசி கட்டாதீர்கள், அதை மடித்துக் குழந்தைக்குப் படுக்கை போடாதீர்கள்.

ரசாயனமே வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு வழி இருக்கிறது. மல்லாட்டைக்குக் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சாணம், நெல்லுக்குக் கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியா. பூஞ்சாண நோய்க்கு இவை நன்றாகவே வேலை செய்கின்றன, தொடுகிறவருக்கு ரசாயனத்தைப் போலப் பயமில்லை. ஆனால் ரசாயனப் பூஞ்சாணக் கொல்லியையும் இவற்றையும் ஒரே விதையில் சேர்த்துப் புரட்டினால் உயிர்ப்பொருள் செத்துப்போகும், காசுதான் நஷ்டம். ரசாயன நேர்த்தி செய்த விதைக்கு ரைசோபியம் என்ற நுண்ணுயிர் உரம் சேர்ப்பதாக இருந்தால் 24 மணி நேரம் கழித்துத்தான். அந்த ஒரு நாள் இடைவெளியில் விதை வீட்டுக்குள் பரப்பிக் கிடக்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் கைநிறைய அள்ளுவது அப்போதுதான். அறையைப் பூட்டி, சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.